முதல் மாடியில் மெட்ரோ

கட்டிலுக்கு அடியில் வைத்தான், சத்தம் வந்தது. மேலே மெத்தையைப் போட்டு மூடினான், அப்போதும் வந்தது. கடைசியில் கிளிஃபர்ட் அதைத் தூக்கிக்கொண்டு போய் பீரோவுக்குள் வைத்து, நோராவின் புடவைகளை அதன் மேல் அடுக்கிக் கதவைச் சாத்தினான். தகரப் பீரோ மொத்தமாக உறும ஆரம்பித்தது. அதுவரை ஒரு அறையில் கேட்டது இப்போது வீடு முழுக்கக் கேட்டது.

"என் கல்யாணப் புடவை உள்ள இருக்கு," என்றாள் நோரா.

"புடவை சத்தத்தை உறிஞ்சிக்கும்."

"புடவை உறிஞ்சாது. கீழ இருக்கிற ஓனர்தான் உறிஞ்சுவாரு, நம்ம உசுர."

உள்ளே இருந்தது ஒரு சின்ன மெஷின். ஒரு மோட்டார், இரண்டு கம்பிகள், கம்பிகளின் மேல் படுத்தபடி உருளும் ஒரு கறுப்பு ரப்பர் டப்பா. டப்பாவுக்குள் கரடுமுரடான கற்கள், இரண்டு ஸ்பூன் கரகரப்பான பொடி, கல் மட்டத்துக்குத் தண்ணீர். மூடிவிட்டு ஓடவிட்டால் கற்கள் ஒன்றோடொன்று உரசி ஒரு வாரத்தில் முனை மழுங்கும். அப்புறம் பொடியை மாற்றி நைஸாக ஒரு வாரம், இன்னும் நைஸாக ஒரு வாரம், கடைசியில் மெருகுப் பொடி. ஆறும் கடலும் யுகம் யுகமாகச் செய்கிற வேலையை இது ஒரு மாதத்தில் செய்து, கல்லைப் பளபளவென்று கையில் கொடுத்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை, இரவு பகல் பாராமல் ஓட வேண்டும்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது இரண்டு பேர். ஒருவர், "பிரஷர் ஏறிக்கிட்டே போகுது, ஏதாவது ஹாபி வெச்சுக்குங்க, இல்லாட்டி மாத்திரை" என்று சொன்ன டாக்டர். இன்னொருவர் தரமணி ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் லாவண்யா. அவள் மேஜையில் தேன் நிறத்தில் ஒரு கல் மின்னிக்கொண்டிருந்தது. கடையில் வாங்கியது என்றுதான் கிளிஃபர்ட் நினைத்திருந்தான். "நானே பண்ணேன் சார். வெறும் டம்ளர்தான், ரொம்ப ஈஸி" என்று அவள் சொன்ன அன்று சாயங்காலமே, டம்ளர் என்று பெயர் கொண்ட அந்தக் கல் உருட்டும் மெஷினுக்கு ஆர்டர் போட்டுவிட்டான். "டம்ளர் வாங்கியிருக்கேன்" என்று வீட்டில் சொன்னபோது, "இருக்கிற டம்ளர்ல எல்லாம் காப்பி இறங்கலையா?" என்று நோரா கேட்டாள். பார்சலைப் பிரித்த பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. கிளிஃபர்டின் கிடார் பரணில் தூங்குகிறது. மீன் தொட்டியில் வெங்காயம் இருக்கிறது. காளான் வளர்க்க வாங்கிய பெட்டியில் செருப்பு வைக்கிறார்கள். ஆரம்ப சூரன் என்று நோரா வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் வெங்காயம் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள். இதையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்று கிளிஃபர்டுக்கு வெறி.

வெறி நியாயமானதுதான். நேரம்தான் சரியில்லை. அபிராமபுரத்தில் அவர்கள் குடியிருக்கும் இந்த முதல் மாடி வீட்டின் பதினோரு மாத அக்ரிமென்ட் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நோரா டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். பால்கனியைத் தொட்டுக்கொண்டு புங்கமரம். கோடையிலும் வற்றாத தண்ணீர். இதற்கு முன் வீடு வீடாக மாறி மாறி அலுத்துப் போய், "இனிமே என் கையால அட்டைப்பெட்டி கட்ட மாட்டேன்" என்று நோரா குடிவந்த அன்றே சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்டவள்.

கீழ் வீட்டில் ஓனர் கோதண்டபாணி. இந்த வீட்டைக் காட்டிய புரோக்கர் புகழேந்தி அப்போதே எச்சரித்திருந்தான். "ஓனருக்குப் பாம்புக்காது சார். நாலு வருஷம் முன்ன இருந்த பார்ட்டி காலங்காத்தால கிரைண்டர் போட்டாங்கன்னு காலி பண்ண வெச்சிட்டாரு. சத்தம் மட்டும் ஆவாது."

அதனால் கிளிஃபர்ட் அவரிடம் நெருங்கியதே இல்லை. வாடகை கொடுப்பது, பல்பு மாற்றச் சொல்வது எல்லாம் அவர் மனைவி தேவானையம்மாவிடம்தான். தேவானையம்மாவோ மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டார். இப்போது வாசலில் பிரம்பு நாற்காலியும் பேப்பருமாகக் கோதண்டபாணி மட்டும். யார் வாயைத் திறந்தாலும் அந்த வாயையே உற்றுப் பார்ப்பார். சொல்வது பொய்யா நிஜமா என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பரிசோதிக்கிறார் என்று கிளிஃபர்டுக்குத் தோன்றும். தோன்றிய உடனே வியர்க்கும்.

மெஷினைப் பீரோவில் பூட்டிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிய அன்று கோதண்டபாணி கேட் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். பேசாமல் போயிருக்கலாம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம். கிளிஃபர்ட் நின்றான்.

"சார், ஏதாவது சத்தம் கேக்குதா சார்?"

கோதண்டபாணி பேப்பரை மடித்தார். கிளிஃபர்டின் உதட்டைப் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில், "கேக்குதே. நல்லாவே கேக்குது. நானே சொல்லணும்னு இருந்தேன். என்ன அது?" என்றார்.

கிளிஃபர்டுக்குப் பதற்றம் வந்தால் வாயைவிடக் கை அதிகம் பேசும். கை தானாக எழுந்து காம்பவுண்டு மூலையைக் காட்டியது. அங்கே தொட்டியிலிருந்து மேல் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இருந்தது.

"மோட்டார் சார். அதுல ஏதோ..."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்," என்றார் கோதண்டபாணி.

தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டே கிளிஃபர்ட் பஸ் ஏறினான்.

மறுநாள் காலையில் மோட்டார் மெக்கானிக் ஷஃபியுல்லா வந்து சேர்ந்தார். சுவிட்சைப் போட்டு, குனிந்து, காதை வைத்து, நிமிர்ந்தார்.

"மோட்டாரு சும்மா வெண்ணெ மாரி ஓடிக்கினு கீது சார். இன்னா சத்தம்?"

"சத்தம் வருதுய்யா. என் காதால கேட்டேன்," என்றார் கோதண்டபாணி.

ஷஃபியுல்லா திரும்பி, தண்ணீர் பாட்டிலோடு நின்ற கிளிஃபர்டைப் பார்த்தார். "நீ கேட்டியா சார்?"

"லேசா," என்றான் கிளிஃபர்ட் பாட்டிலைப் பார்த்தபடி.

"அவரும் கேக்குதுன்றாரு, நீயும் கேக்குதுன்ற. அப்போ எனுக்குத்தான் கேக்கல போல." ஷஃபியுல்லா வாதம் பண்ணுகிற ஆள் இல்லை. ஸ்பேனரை எடுத்து மோட்டாரைக் கழற்றினார். "பேரிங் மாத்தி, காயில் பாத்து எடுத்தாறேன். கடையில வேலை நெறைய கீது, கொஞ்சம் லேட்டாவும்." மோட்டாரை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானமே டேங்க் காலி. அதன் பிறகு கீழ்த் தொட்டியில் குடத்தை விட்டுத் தண்ணீர் எடுத்து மாடிக்குச் சுமப்பது கிளிஃபர்டின் வேலையாயிற்று. வயதானவர் தனியாக இருக்கிறார் என்பதால் அவருக்கும் சேர்த்து. பிரஷர் குறைய வேண்டும் என்று ஆரம்பித்தவன் ஏழாவது குடத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை.

"முதல்ல அந்த மெஷினை நிறுத்துங்க," என்றாள் நோரா. "மோட்டாரே இல்லாம மோட்டார் சத்தம் வந்தா அவரு என்ன நெனப்பாரு?"

நியாயம்தான். கிளிஃபர்ட் பிளக்கைப் பிடுங்கினான். வீடு அமைதியானது. இத்தோடு விவகாரம் முடியட்டும் என்று கீழே இறங்கிப் போய், ஒரு குடத்தை அவர் சமையலறையில் வைத்துவிட்டுக் கேட்டான்.

"சார், இப்ப சத்தம் கேக்குதா சார்?"

"கேக்குதே," என்றார் கோதண்டபாணி. "நேத்தைவிட ஜாஸ்தியாவே கேக்குது."

கிளிஃபர்ட் படிகளைத் தாவி ஏறினான். பீரோவைத் திறந்தான். மெஷின் அசையாமல் கிடந்தது. பிளக் தரையில் கிடந்தது.

"நோரா, நிறுத்தின பிறகும் கேக்குதுங்கறாரு."

நோரா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அது நம்ம சத்தமே இல்ல. வேற ஏதோ. மந்தைவெளிப் பக்கமெல்லாம் மெட்ரோவுக்குத் தோண்டறாங்கல்ல, அதுவா இருக்கும். அவருக்குத்தான் பாம்புக்காதாச்சே."

கிளிஃபர்டுக்கு ஜென்ம சாபல்யம் கிடைத்த மாதிரி இருந்தது. தன் மெஷின் நிரபராதி. ஓனர் கேட்பது வேறு சத்தம். அதன் மறைவில் இது பாட்டுக்கு ஓடலாம். பிளக்கை மறுபடி சொருகினான். அந்தச் சூட்டிலேயே கீழே ஓடினான். ரோட்டைக் காட்டினான், தரையைக் காட்டினான், ஆள்காட்டி விரலைத் துளை போடுவதுபோலச் சுழற்றினான், உள்ளங்கையை ரயில் போல ஓட்டினான்.

"மெட்ரோ சார், மெட்ரோ!"

கோதண்டபாணியின் கண்கள் விரிந்தன. "மெட்ரோவா? நம்ம வீட்டுக்கு அடியிலயா?"

வீட்டுக்கு அடியில் என்று கிளிஃபர்ட் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஒரு மாதிரியாக ஆட்டிவைத்தான். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் முடிந்ததும் கிளிஃபர்ட் டப்பாவைத் திறந்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் தோசை மாவு மாதிரி ஒரு சேறு. அதில் கையை விட்டு ஒரு கல்லை எடுத்துக் கழுவினான். ஆழ்வார்பேட்டையில் ஏதோ கட்டடம் கட்டும் இடத்தில் பொறுக்கிய சாதாரணக் கருங்கல் ஜல்லிதான். அதன் கூர்முனைகள் எல்லாம் போய், தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கியது. கிளிஃபர்டுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் தான் ஆரம்பித்த ஒன்று முதல் முறையாகத் தன் சொல்லைக் கேட்கிறது என்ற சந்தோஷம். நோராகூட அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

கூடவே போட்ட மார்பிள் துண்டுகளைத்தான் காணவில்லை. மார்பிள் மிருதுவான கல், கருங்கல்லோடு போட்டால் கரைந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. சேறு அவ்வளவு கெட்டியாக இருந்ததற்கு அதுதான் காரணம். அந்தச் சேற்றைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது, சிமென்ட் மாதிரி இறுகிக்கொள்ளும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. மெஷினோடு வந்த காகிதத்தில் இரண்டுமே எழுதியிருந்தது. கிளிஃபர்ட் எந்தக் காகிதத்தையும் காரியம் கெட்ட பிறகு படிப்பவன்.

பாத்ரூமில் ஊற்றிய சேறு குழாய் வளைவில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் இறங்கவில்லை. கிளிஃபர்ட் ஒரு மூங்கில் குச்சியை விட்டுக் குத்தினான். சுமந்து வந்த குடங்களை ஒவ்வொன்றாக ஊற்றினான். கடைசிக் குடத்தில் அடைப்பு "பொளக்" என்று விட்டது. அப்பாடா என்றான். அது கீழே போய், கோதண்டபாணியின் பின்கட்டில் இருக்கும் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு, வழவழவென்று சாம்பல் நிறத்தில் பொங்கி வெளியே வந்தது.

கோதண்டபாணி அதைக் குச்சியால் தொட்டுப் பார்த்தார். விரலால் தேய்த்தார். பிறகு அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூப்பிட்டார்.

"களிமண்ணு. எந்த ஆழத்துலேர்ந்து வருது பாருங்க. சுரங்கம் நம்ம வீட்டுக்கு நேர் கீழ வந்துடுச்சு."

பக்கத்து வீட்டுக்காரர் தன் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் போனார். இருந்தது. எல்லோர் வீட்டுச் சுவரிலும் இருக்கும்.

பால்கனியிலிருந்து நோரா எட்டிப் பார்த்தாள். "அது உங்க கல்லு சேறுதானே?"

"ஆமா."

"போய்ச் சொல்லுங்க."

"அக்ரிமென்ட் கையெழுத்தாகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

அன்று சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. புரோக்கர் புகழேந்தி வந்திருந்தான். கிளிஃபர்ட் குடத்தோடு படிக்கட்டிலேயே நின்றுவிட்டான்.

புகழேந்தி கை வீசிப் பேசினான். வீட்டைக் காட்டினான், சுவரில் விரிசல் விழுவதுபோல விரலால் கோடு போட்டுக் காட்டினான், இரண்டு கையாலும் தள்ளிவிடுவதுபோலச் செய்தான். கோதண்டபாணி தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

"கரெக்ட். விரிசல் விழறதுக்கு முன்ன வித்துடறேன். பார்ட்டியைக் கூட்டிட்டு வா."

பிறகு கிளிஃபர்டைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். அவர் அவ்வளவு அன்பாகப் பேசி கிளிஃபர்ட் பார்த்ததே இல்லை.

"தம்பி, அக்ரிமென்ட் புதுப்பிக்க முடியாது. மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்குங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அடியில சுரங்கம் போற வீட்டுல பொம்பளையை வெச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. நீங்க மட்டும் அன்னைக்கு எடுத்துச் சொல்லலைன்னா எனக்கு மெட்ரோன்னு தோணியே இருக்காது. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

மாடிக்கு வந்து கிளிஃபர்ட் இதைச் சொன்னபோது நோரா கோபப்படவில்லை. பரணிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தாள். அவன் முன்னால் வைத்தாள். போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தப் பெட்டியில் சென்ற வீட்டு முகவரி இன்னும் அவள் கையெழுத்திலேயே இருந்தது. அதைப் பார்க்க அவனுக்கு அவமானமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

எது வந்தாலும் வரட்டும் என்று மறுநாள் காலையில் மெஷினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கீழே போனான். கோதண்டபாணியின் வராந்தாவில் வைத்தான். பிளக்கைச் சொருகினான். புடவையும் இல்லை, பீரோவும் இல்லை. திறந்த வெளியில் அது போட்ட சத்தத்தில் புங்கமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. மோட்டாரும் இல்ல, மெட்ரோவும் இல்ல. இதுதான்." கிளிஃபர்ட் மெஷினைக் காட்டினான், தன் நெஞ்சைக் காட்டினான், மாடியைக் காட்டினான். "இந்தச் சத்தம்தான் சார் நீங்க கேட்டது. கல்லுக்கு மெருகு போடறது. அந்தச் சேறும் இதோடதுதான்."

கோதண்டபாணி குனிந்தார். உருளும் டப்பாவை ரசித்துப் பார்த்தார். கிளிஃபர்ட் நீட்டிய வழவழப்பான கல்லை வாங்கித் தடவினார்.

"அழகா சுத்துது தம்பி. கல்லும் நல்லா வந்திருக்கு."

"இந்தச் சத்தம்தான் சார்," என்று கிளிஃபர்ட் காதைத் தொட்டுக் காட்டினான்.

கோதண்டபாணி சிரித்தார். "இதுவா? போங்க தம்பி. வீடு போகுதேன்னு ஏதேதோ சொல்றீங்க. நான் கேட்டது பூமிக்கு அடியிலேர்ந்து வந்தது. என் காதை நான் நம்பாம வேற யாரை நம்புவேன்?"

குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் தண்டனை குறையாது என்பது தெரியும். ஒப்புக்கொண்டாலும் நம்பமாட்டார்கள் என்பதைக் கிளிஃபர்ட் அன்றுதான் கண்டான். மெஷின் பாட்டுக்குக் கடகடத்துக்கொண்டிருந்தது.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தேவானையம்மா பையும் கூடையுமாக இறங்கினார். கேட்டுக்குள் நுழைந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"என்ன தம்பி இது, மாவு மில்லு மாதிரி? தெருமுனை வரைக்கும் கேக்குது."

கிளிஃபர்ட் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். கோதண்டபாணி கல்லைத் தடவியபடியே உட்கார்ந்திருந்தார். மனைவி அவர் முன்னால் வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தார்.

"வந்துட்டியா? குழந்தை எப்படி இருக்கு? நம்ம வீட்டை விக்கப் போறேன்."

தேவானையம்மா நின்ற இடத்திலேயே அவரை ஒரு தரம் பார்த்தார். "வீடு என் பேர்ல இருக்கு. விக்கறதுன்னா நான்தான் விக்கணும்," என்று அவர் முகத்துக்கு நேராக நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கோதண்டபாணி பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அந்த வீட்டில் பெரிய விவகாரங்கள் அப்படித்தான் முடியும் போலிருக்கிறது.

கூடையைத் தூக்கிக்கொண்டு சமையலறை வரை கிளிஃபர்ட் பின்னாலேயே போனான். பீரோவிலிருந்து ஆரம்பித்து, மோட்டார், குடம், மெட்ரோ, சேறு, புகழேந்தி என்று ஒன்று விடாமல் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். தண்ணீர்க் குடங்களை எண்ணிப் பார்த்தபடி தேவானையம்மா கேட்டுக்கொண்டார்.

"மெஷினை மொட்டை மாடிக்குக் கொண்டு போய்டுங்க. சேத்தை மண்ணுல கொட்டுங்க," என்றார் கடைசியில். "அந்த ஷஃபியுல்லாவுக்கு ஃபோன் போட்டு மோட்டாரைக் கொண்டாரச் சொல்லுங்க. நாளைக்கு நோராவைக் கூட்டிட்டு வாங்க, அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டுடலாம்."

கிளிஃபர்டுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ரொம்ப நன்றிம்மா. சாருக்கு இருக்கிற பாம்புக்காதுக்கு நான் இதை ஆரம்பிச்சிருக்கவே கூடாது."

தேவானையம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனவர் நின்றார். வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தக்கூட இல்லாமல் சொன்னார்.

"இவர்கிட்டப் போயா தம்பி சத்தம் கேக்குதான்னு கேட்டீங்க? காது சுத்தமா கேக்காமப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அது வெளிய தெரியக் கூடாதுன்னு யார் எப்பக் கேட்டாலும் கேக்குதுன்னுதான் சொல்வாரு."